பாடக்குறிப்பு யாருக்காக?

ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பதரை மணி. சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு அதன் மேலேயே பாடக்குறிப்பு நோட்டை விரித்து உட்கார்ந்திருக்கிறார் அந்த ஆசிரியை. அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவர். திங்கட்கிழமை காலை நோட்டு தலைமை ஆசிரியர் மேஜைக்குப் போயாக வேண்டும். கற்றல் விளைவு, அறிமுகம், செயல்பாடு, மதிப்பீடு, வீட்டுப்பாடம் என்று தலைப்புகள் வரிசையாக இறங்குகின்றன. போன வருட நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பார்த்துப் பார்த்து எழுதுகிறார்.

"ஏம்மா, அதேதானே? தேதியை மட்டும் மாத்தி எழுதுற மாதிரி இருக்கு?" என்கிறாள் கல்லூரியில் படிக்கும் மகள்.

"அதேதான்டி. பாடம் மாறலையே."

"பசங்க மாறிட்டாங்களே. போன வருஷம் இந்தப் பாடத்துல எங்க தடுமாறினாங்கன்னு இதுல எழுதியிருக்கா?"

ஆசிரியை நோட்டைப் புரட்டிப் பார்க்கிறார். இல்லை. என்ன நடத்தப் போகிறோம் என்பது 22 வருடமாக அழகாக எழுதப்பட்டிருக்கிறது. நடத்திய பிறகு என்ன ஆனது என்பது ஒரு வரிகூட இல்லை. அதெல்லாம் அவர் மனசில் இருந்தது. மனசு எத்தனை வருடத்தைத் தாங்கும்?

இந்தக் கேள்வி அந்த வீட்டுக்கு மட்டும் உரியதல்ல. பள்ளிகளில் பாடக்குறிப்பு என்பது மேலதிகாரி பார்த்துக் கையெழுத்துப் போடுவதற்கான ஆவணமாகவே நின்றுவிடுகிறது. அது வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஆனால், அதே ஆசிரியருக்கு அடுத்த வருடம் உண்மையில் உதவக்கூடிய குறிப்பு வேறு ஒன்று. அதை எழுத ஞாயிறு இரவெல்லாம் விழிக்க வேண்டியதில்லை. கையில் இருக்கும் போனே போதும்.

முன்குறிப்பும் பின்குறிப்பும்

பத்தாம் வகுப்பு அறிவியலில் இரண்டாவது பாடம் ஒளியியல். லென்ஸ் சமன்பாடு அதில்தான் வருகிறது. ஒரு குவிலென்சின் குவியத்தொலைவு 20 செ.மீ., பொருள் 30 செ.மீ. தொலைவில் இருக்கிறது, பிம்பம் எங்கே விழும் என்று ஒரு கணக்கு. குறியீட்டு மரபுப்படி பொருளின் தொலைவை மைனஸ் 30 என்று எடுக்க வேண்டும். அப்படிப் போட்டால் விடை 60 செ.மீ. மைனஸை மறந்துவிட்டு வெறும் 30 என்று போட்டால் விடை 12 செ.மீ. சூத்திரம் சரி, கூட்டல் கழித்தல் சரி, விடை மட்டும் தப்பு. எந்த இடத்தில் சறுக்கினோம் என்று பிள்ளைக்கே தெரியாது.

இந்தச் சறுக்கல் ஒவ்வொரு வருடமும் நடக்கிறது. ஒவ்வொரு வருடமும் விடைத்தாள் திருத்தும்போதுதான் ஆசிரியைக்கு நினைவு வருகிறது. "அடடா, மைனஸை அழுத்திச் சொல்லியிருக்கலாமே" என்று நினைத்துக்கொள்வார். அடுத்த ஜூலையில் அந்த நினைவு வராது.

மகளின் யோசனை எளிமையானது. வகுப்பு முடிந்து ஸ்டாஃப் ரூமுக்கு வந்ததும் மூன்றே வரி. எது புரிந்தது, எது புரியவில்லை, அடுத்த முறை எதை மாற்ற வேண்டும். பாடத்துக்கு முன்னால் எழுதுவது பாடக்குறிப்பு என்றால், இது பின்குறிப்பு.

"டைப் பண்ணவெல்லாம் நேரம் இருக்காதுடி. அடுத்த பீரியட் மணி அடிச்சிடும்."

"பேசும்மா. அது எழுதிக்கும்."

போனில் இருக்கும் கூகுள் கீபோர்டில் தமிழைத் தேர்ந்தெடுத்துவிட்டு மைக் படத்தைத் தொட்டால், பேசுவதைத் தமிழ் எழுத்தாக்கிக் கொடுக்கும். தப்பும் தவறுமாகச் சில சொற்கள் விழத்தான் செய்யும். தனக்கான குறிப்புக்கு அது பெரிய குறையில்லை. அன்று மாலை முதல் குறிப்பு இப்படி விழுந்தது: "ஒளியியல். லென்ஸ் கணக்கு. பாதிப் பேர் 60க்குப் பதில் 12 போட்டார்கள். அடுத்த முறை சூத்திரத்துக்கு முன்னாலேயே மைனஸ் சொல்ல வேண்டும்." பேசி முடிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை.

இரண்டு நாள் கழித்து இன்னொன்று. கண் குறைபாடுகள் பகுதி. கிட்டப்பார்வை என்றால் கிட்டே இருப்பது தெரியாது என்று பல பிள்ளைகள் எழுதியிருந்தார்கள். உண்மை நேர் எதிர். கிட்டப்பார்வை உள்ளவருக்குக் கிட்டே இருப்பது நன்றாகத் தெரியும், தூரத்தில் இருப்பதுதான் மங்கும். விழித்திரைக்கு முன்னாலேயே பிம்பம் விழுந்துவிடுவதால் வரும் குறை. குழிலென்ஸ் போட்டால் சரியாகும். மாரடைப்பு, மஞ்சள் காமாலை என்று குறையையே பெயராகக் கேட்டுப் பழகிய பிள்ளைகள், 'கிட்டப்பார்வை' என்ற சொல்லையும் குறையின் பெயராக எடுத்துக்கொள்கிறார்கள். அது மிச்சமிருக்கும் பார்வையின் பெயர். இந்த ஒரு வரியைச் சொன்னதும் வகுப்பு தெளிந்தது. அதுவும் குறிப்பில் ஏறியது.

எந்தச் செயலி?

குறிப்பெடுக்கும் செயலிகள் ஏராளம். நகைக்கடையில் நுழைந்தது போல எதை எடுப்பது என்று திகைக்க வேண்டாம். ஆசிரியர் வேலைக்கு வேண்டியவை இரண்டுதான். ஓடும்போதே கிறுக்கி வைக்க ஒரு துண்டுச் சீட்டு. அதை ஆற அமர ஒட்டி வைக்க ஒரு நோட்டுப் புத்தகம்.

துண்டுச் சீட்டுக்கு கூகுள் கீப் பொருத்தம். 2013-ல் வந்த செயலி. குறிப்பு, படம், டிக் அடிக்கும் பட்டியல் எல்லாம் போடலாம். ஒவ்வொரு குறிப்புக்கும் ஒரு லேபிள் ஒட்டலாம். இணையம் இல்லாத நேரத்தில் எழுதினாலும் சிக்னல் வந்ததும் தானாகச் சேர்ந்துகொள்ளும். பேச்சு வகுப்புக்கு வெளியே நடப்பதால் வகுப்பறைக்குள் போனை எடுக்க வேண்டிய அவசியமே இல்லை.

நோட்டுப் புத்தகத்துக்கு கூகுள் டாக்ஸ் போதும். கீப்பில் எழுதிய குறிப்பை அப்படியே டாக்ஸுக்கு அனுப்பும் வசதியும் உண்டு. கம்ப்யூட்டரோ டேப்லெட்டோ வைத்திருப்பவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் ஒன்நோட் இன்னும் வசதி. ஆஃபீஸ் 2003 காலத்திலிருந்து இருப்பது. நோட்டு, அதற்குள் பிரிவு, அதற்குள் பக்கம் என்று பள்ளி நோட்டைப் போலவே அடுக்கு. பேனா வைத்துப் படம் வரையலாம். கதிர்ப்படம் வரைய வேண்டிய இயற்பியல் ஆசிரியருக்கும், இதயத்தின் அறைகளை வரைய வேண்டிய உயிரியல் ஆசிரியருக்கும் இது பெரிய உதவி. பிள்ளைகளுக்கும் கணக்கு இருக்கும் பள்ளிகளில், ஒன்நோட்டின் வகுப்பு நோட்டு வசதியைப் பயன்படுத்தலாம். ஆசிரியர் கொடுக்கும் பாடப் பொருள்கள் ஒரு பகுதி, எல்லோரும் சேர்ந்து எழுதும் இடம் ஒரு பகுதி, ஒவ்வொரு மாணவருக்கும் தனி நோட்டு ஒரு பகுதி என்று அதில் மூன்று பிரிவுகள் இருக்கும்.

எதை எடுத்தாலும் ஒரு வருடம் அதிலேயே நிற்பது முக்கியம். மாதம் ஒரு செயலி மாற்றினால் குறிப்பு சேராது, செயலிகள்தான் சேரும்.

தேடினால் கிடைக்க வேண்டும்

ஆசிரியையின் போனில் அதுவரை குறிப்பு இல்லாமல் இல்லை. வாட்ஸ்அப் குழுக்களில் வந்த வினாத்தாள், கேலரியில் கரும்பலகைப் படம், யாரோ அனுப்பிய பி.டி.எஃப்., நடுவே பேரனின் பிறந்தநாள் வீடியோ. இருப்பது தெரியும், எடுக்கத் தெரியாது. வைத்த இடம் மறந்த பொருளும் இல்லாத பொருளும் ஒன்றுதான்.

மகளும் அவரும் ஒரு சனிக்கிழமை மதியம் உட்கார்ந்து ஒழுங்கு செய்தார்கள். மூன்று முடிவுகள் எடுத்தார்கள்.

முதலாவது, தேதிவாரியாக அடுக்குவதில்லை, பாடவாரியாக. ஒரு பாடத்துக்கு ஒரே பக்கம். "10 அறிவியல் 02 ஒளியியல்" என்று ஒரே மாதிரி பெயர். ஜூலையில் எழுதினாலும் திருப்புதல் தேர்வு சமயத்தில் எழுதினாலும் ஒளியியல் சங்கதி எல்லாம் அந்த ஒரே பக்கத்தில்தான் போய்ச் சேர வேண்டும். அடுத்த வருடம் திறக்கப் போவதும் பாடத்தைத்தானே!

இரண்டாவது, ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரே ஐந்து தலைப்புகள். எப்படித் தொடங்கினேன், எங்கே தடுமாறினார்கள், எந்த உதாரணம் எடுபட்டது, என்ன பொருள்கள் தேவை, எந்த வீடியோ உதவியது. கடைசித் தலைப்புக்கு வேலை அதிகம். 2019-ல் வந்த பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் க்யூ.ஆர். கோடுகள் இருக்கின்றன. பள்ளிக் கல்வித் துறை 2023-ல் வெளியிட்ட மணற்கேணி செயலியில் பாட வீடியோக்கள் இருக்கின்றன. யூடியூபில் கணக்கே இல்லை. இதில் எது தன் வகுப்பில் எடுபட்டது என்பது அந்த ஆசிரியருக்கு மட்டுமே தெரியும். அந்த ஒரு இணைப்பை ஒட்டி வைத்தால் அடுத்த வருடம் ஒரு மணி நேரத் தேடல் மிச்சம்.

மூன்றாவது, எல்லாம் யூனிகோடு தமிழில். பழைய வினாத்தாள்கள் பலவும் வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடிக்கப்பட்டவை. அவற்றைப் போனில் திறந்தால் ஆங்கில எழுத்துகள் கொத்துக் கொத்தாகத் தெரியும். தமிழில் தேடினால் அகப்படாது. எழுத்துரு மாற்றிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. முக்கியமான நாலைந்து வினாத்தாள்களை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும். அச்சிட்ட பக்கம் என்றால் கூகுள் லென்ஸ் தமிழையும் படித்து எழுத்தாக்கிக் கொடுக்கும். கையெழுத்துப் பக்கத்தில் அதை நம்ப முடியாது. அதற்குப் படம் எடுத்து ஒட்டி, கீழே ஒரு வரி தமிழில் எழுதி வைப்பதே வழி. அந்த வரிதான் நாளைக்குத் தேடலில் சிக்கும்.

அன்று அவர்கள் செலவழித்தது ஒன்றரை மணி நேரம். அதற்கு மேல் போகவிடாமல் மகள் நிறுத்திவிட்டாள். பச்சை லேபிளா, மஞ்சள் லேபிளா என்று ஆரம்பித்தால் அதற்கு முடிவே கிடையாது. அலமாரியை அடுக்கிக்கொண்டே இருந்தால் சமையல் எப்போது?

ரோல் 23

பாடத்தைப் பற்றிய குறிப்போடு பிள்ளைகளைப் பற்றியும் ஓரிரு வரிகள் விழத் தொடங்கின. பெயர் போடுவதில்லை என்று ஆரம்பத்திலேயே முடிவு. ரோல் 7, ரோல் 31 என்று எண் மட்டும். போன் யார் கையிலாவது கிடைத்தால்கூட எந்தப் பிள்ளை என்று தெரியக் கூடாது.

ஆகஸ்ட் மாதம் இடைத்தேர்வு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தார். ரோல் 23. மறுபடியும் கணக்கில் எண்ணைத் தப்பாக எடுத்து எழுதியிருந்தாள். "இந்தப் பொண்ணுக்குக் கவனமே இல்லை" என்று அலுத்துக்கொண்டவர், ஏதோ நினைத்துப் போனில் 'ரோல் 23' என்று தேடினார். நான்கு குறிப்புகள் ஒன்றன் கீழ் ஒன்றாக வந்து நின்றன.

ஜூன் கடைசி: "ரோல் 23. பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்து எழுதுகிறாள். எச்சரித்தேன்."

ஜூலை முதல் வாரம்: "ரோல் 23. கணக்கில் 30 என்பதை 80 என்று எடுத்திருக்கிறாள். கவனக்குறைவு."

அடுத்த வாரம்: "ரோல் 23. கதிர்ப்படத்தில் F என்ற இடத்தில் P. மற்றபடி படம் சரி."

அதற்கும் அடுத்த வாரம்: "புத்தகத்தைப் படிக்கச் சொன்னேன். ரோல் 23 தடுமாறாமல் படித்தாள். நன்றாகப் படிக்கிற பெண்தான், சோம்பேறித்தனம்."

தனித்தனியாக எழுதியபோது ஒவ்வொன்றும் ஒரு புகார். சேர்த்துப் படித்தபோது அது புகாராக இல்லை. மூன்றை எட்டாகவும் F-ஐ P-யாகவும் எடுக்கும் பிள்ளை, பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதும் பிள்ளை, கையில் இருக்கும் புத்தகத்தை மட்டும் தடையில்லாமல் படிக்கிறது. உட்காருவது கடைசி பெஞ்ச்.

ஆசிரியை போனை மேஜையில் வைத்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். கிட்டப்பார்வை என்றால் கிட்டே தெரியும், தூரத்தில் தெரியாது என்று இதே வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போட்டவர் அவரேதான். அந்தக் கரும்பலகையைத்தான் அந்தப் பெண்ணால் படிக்க முடியவில்லை.

மறுநாள் வகுப்பில் அவளை மட்டும் தனியாக எழுப்பவில்லை. கடைசி இரண்டு பெஞ்சில் இருந்த எல்லோரையும் வரிசையாகக் கரும்பலகையில் இருந்ததை வாசிக்கச் சொன்னார். ரோல் 23 மட்டுமல்ல, அவளோடு இன்னொரு பையனும் திணறினான்.

"ஏம்மா, தெரியலைன்னு சொல்லியிருக்கலாமே?"

"எல்லாருக்கும் இப்படித்தான் தெரியும்னு நினைச்சேன் டீச்சர்."

பிறந்ததிலிருந்து கண்ணாடியே போடாத பிள்ளைக்கு, தன் பார்வை மங்கல் என்று எப்படித் தெரியும்? ஒப்பிட்டுப் பார்க்க வேறு கண் இல்லையே! அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண் பரிசோதனையும் விலையில்லாக் கண்ணாடியும் அரசுத் திட்டத்திலேயே உண்டு. தலைமை ஆசிரியரிடம் சொல்லி, வீட்டுக்குத் தகவல் அனுப்பி, இருவரும் பரிசோதனைக்குப் போனார்கள். கண்ணாடி வரும்வரை முதல் பெஞ்ச்.

இதில் செயலி எதையும் கண்டுபிடிக்கவில்லை. சிதறிக் கிடந்த நான்கு வரிகளை ஒரே இடத்தில் கொண்டுவந்து வைத்தது, அவ்வளவுதான். சேர்த்துப் படித்தது ஆசிரியை. ஆனால், அந்த நான்கு வரிகளும் நான்கு வெவ்வேறு தாளில் இருந்திருந்தால் அந்தப் பெண் மார்ச் மாதம் வரை 'கவனமில்லாதவள்' என்ற பெயரோடுதான் இருந்திருப்பாள்.

பூட்டும் சாவியும்

வசதி இருக்கும் இடத்தில் ஜாக்கிரதையும் வேண்டும். பிள்ளைகளின் மதிப்பெண், வீட்டு நிலைமை, உடல்நிலை ஆகியவை ஆசிரியரை நம்பிச் சொல்லப்பட்டவை. 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவர்களைக் குழந்தைகள் என்றே வரையறுத்து, அவர்கள் விவரங்களுக்குக் கூடுதல் பாதுகாப்பைக் கேட்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்க, நம் வீட்டுப் பிள்ளையின் விவரம் ஊரெல்லாம் சுற்றினால் நமக்கு எப்படி இருக்கும் என்று யோசித்தாலே போதும்.

ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம், சாதிச் சான்றிதழ் படங்களைக் குறிப்புச் செயலியில் வைக்கவே கூடாது. பாடக் குறிப்பைச் சக ஆசிரியருக்குப் பகிரும்போது, பிள்ளைகளைப் பற்றிய வரிகள் அதில் இருக்கக் கூடாது. இரண்டையும் தனித்தனிப் பக்கமாக வைத்துக்கொண்டால் இந்தக் குழப்பமே வராது. லிங்க் வைத்திருக்கும் யாரும் பார்க்கலாம் என்ற அமைப்பை விட, குறிப்பிட்ட ஆளின் மின்னஞ்சலுக்கு மட்டும் அனுமதி கொடுப்பது நல்லது. போனுக்குப் பூட்டு, கூகுள் கணக்குக்கு இரட்டை அடுக்குப் பாதுகாப்பு, இவை இரண்டும் கட்டாயம். வருடம் முடிந்ததும் ரோல் எண் குறிப்புகளை அழித்துவிடலாம். பாடக் குறிப்பு மட்டும் தங்கட்டும்.

இன்னொரு எச்சரிக்கை. இலவசமாகக் கிடைப்பது என்றைக்கும் இலவசமாக இருக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. குறிப்பெடுக்கும் செயலிகளில் ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்தது எவர்நோட். 2023 டிசம்பரில் அது இலவசக் கணக்குகளுக்கு 50 குறிப்புகள், ஒரே ஒரு நோட்டு என்று வரம்பு கட்டியது. கூகுளே தன் பழைய கூகுள் நோட்புக் சேவையை 2012-ல் மூடியது. இலவச கூகுள் கணக்கில் ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்து 15 ஜி.பி. இடம்தான். வீடியோக்களை அதில் ஏற்றாமல் இணைப்பை மட்டும் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். பருவத்துக்கு ஒரு முறை பாடப் பக்கங்களை பி.டி.எஃப். ஆக்கி ஒரு பென்டிரைவில் போட்டுவைத்தால், போன் தண்ணீரில் விழுந்தாலும் பாடம் விழாது.

அடுத்த ஜூலை

அடுத்த வருடம் அதே ஞாயிற்றுக்கிழமை இரவு. அதே சாப்பாட்டு மேஜை. பாடக்குறிப்பு நோட்டு இப்போதும் உண்டு. தலைமை ஆசிரியர் கையெழுத்தும் உண்டு. பக்கத்தில் பழைய நோட்டுக்குப் பதிலாக போன் திறந்திருக்கிறது. "10 அறிவியல் 02 ஒளியியல்."

"என்னம்மா, இந்த வருஷமும் அதேதானா?" என்று சமையலறையிலிருந்து குரல் வருகிறது.

"இல்லடி. இந்த வருஷம் லென்ஸ் சூத்திரத்துக்கு முன்னாலேயே ஒரு பீரியட் மைனஸ் மட்டும்தான்."

"ஜூன்லயே ஏதோ பண்ணினதா சொன்னியே?"

"அது முதல் நாளே முடிஞ்சது."

அவர் சொல்வது அந்தப் பக்கத்தின் மேலே, எல்லாத் தலைப்புகளுக்கும் முன்னால் இருக்கிறது. போன வருடம் ஆகஸ்டில் அவரே பேசிப் பதிந்த வரி: "பள்ளி திறந்த முதல் நாள், பாடம் தொடங்கும் முன், கடைசி பெஞ்சில் இருப்பவர்களைக் கரும்பலகையை வாசிக்கச் சொல்லவும்."